பள்ளி வழியாகச் சிறு பிள்ளைகளின் பல் நலம்: குமரி மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குளம் வட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின், அங்கன்வாடி மையங்களுக்கும் தொடக்கப்பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளின் பல் நலம் பற்றிப் பேசி வருகிறேன். ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும், பெற்றோரும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எதைச் சொல்வது என்பதைவிட, யாரிடம், எப்போது, எந்தச் சொல்லால் சொல்வது என்பதைப் பற்றியே இவற்றில் பெரும்பாலானவை அமைந்துள்ளன.

பால் பல் எப்படியும் விழப்போகிறது. அதற்கு இவ்வளவு அக்கறை எதற்கு?

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்து வேலை செய்தாக வேண்டும். மூன்று வயதில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லோடு ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை சாப்பிடவும் தூங்கவும் படிக்கவும் வேண்டியிருக்கிறது என்று சொன்னால், கேட்டவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். பால் பல்லின் மேற்பூச்சான எனாமல், நிலைப் பல்லின் எனாமலைவிட மெல்லியது. ஆகவே சொத்தை விரைவில் உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். வேரில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லும் பாதிக்கப்படலாம். பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தாலோ, பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. உங்கள் வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், எத்தனை பேர் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறார்கள் என்று மதிய உணவு வேளையில் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் வந்து பேசுகிறாரே, அது போதாதா?

அது தேவைதான், ஆனால் போதாது. பள்ளிகளில் நடத்தப்பட்ட பல் நலக் கல்வியைப் பற்றி உலகின் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பேச்சு மட்டும் கேட்ட பிள்ளைகளுக்கு அறிவு கூடுகிறது, கேள்விகளுக்குச் சரியான விடை சொல்கிறார்கள், சில வாரங்களுக்குப் பல்லும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சொத்தை குறைவதில்லை. நாள்தோறும் ஃபுளோரைடு என்ற, சொத்தையைத் தடுக்கும் தாது கலந்த பற்பசை பல்லில் படும்படி ஒரு பழக்கம் உருவான இடங்களில்தான் சொத்தை குறைந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ‘சைல்டுஸ்மைல்’ திட்டத்தில் மழலையர் பள்ளியிலேயே பிள்ளைகள் தினமும் பல் தேய்க்கிறார்கள். பிலிப்பைன்ஸின் ‘ஃபிட் ஃபார் ஸ்கூல்’ திட்டத்தில் கை கழுவுவதும் பல் தேய்ப்பதும் வகுப்பாகச் சேர்ந்து செய்யும் அன்றாட வேலைகள்.

ஆகவே பேச்சு, படம், பாட்டு, நாடகம் எதுவானாலும், அது அன்றிரவே ஒரு வீட்டில் ஒரு செயலாக மாறுகிறதா என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும். மார்ச் 20 உலக வாய்நல நாளன்று பேரணி நடத்துவதில் தவறில்லை. ஆனால் பேரணிக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று முன்பே திட்டமிடாவிட்டால், பதாகையோடு அந்த முயற்சியும் சுருட்டி வைக்கப்பட்டுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியாது. அப்படியானால் எந்த ஒரு செய்தியை முதலில் சொல்வது?

“இரவில் படுக்கும் முன், பெரியவர் ஒருவர் தம் கையால் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும், அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது.” முதல் மூன்று மாதங்களுக்கு இந்த ஒரே செய்தி போதும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இருக்கிறது. வாயில் உள்ள நுண்ணுயிரிகள் இனிப்பையும் மாவுப்பொருளையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன்செய்து பல்லைக் காக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரவில் பல்லில் ஒட்டியிருப்பது விடியும்வரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் காலையில் பல் தேய்க்காத பிள்ளை அரிது. இரவில் தேய்க்கும் பிள்ளையும் அரிது. இருக்கும் பழக்கத்தையே மீண்டும் போதிப்பதால் பயனில்லை.

‘பெரியவர் கையால்’ என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஏழு, எட்டு வயது வரை பிள்ளையின் கை, பிரஷைக் கடைவாய்ப் பல்லின் பின்புறம் வரை கொண்டுசெல்லும் அளவுக்குப் பழகியிருக்காது. கையெழுத்து கோர்வையாக வரத் தொடங்கும் வயதுதான் தானே பல் தேய்க்கவும் ஏற்ற வயது என்று ஆசிரியர்கள் சொன்னால் பெற்றோருக்கு எளிதில் விளங்கும். பிள்ளையை முன்னால் நிறுத்தி, தலையைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு, பின்னாலிருந்து தேய்த்துவிடுவது வசதியாக இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓர் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பற்பசை போதும். விளம்பரப் படங்களில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கு வைக்க வேண்டியதில்லை. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது? பெற்றோர் கூட்டத்துக்கு வருவதே சிலர்தானே?

கூட்டத்துக்கு வருபவர்தான் பல் தேய்த்துவிடுபவர் என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் பல திட்டங்கள் தவறிவிடுகின்றன. ஒவ்வொரு பிள்ளையையும் ‘மக்களே’ என்று நம் ஊர் வழக்கில் செல்லமாக அழைத்து, முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “மக்களே, ராத்திரி உன்னைத் தூங்க வைப்பது யார்?” அந்தப் பதிலில் வரும் ஆள்தான் நீங்கள் பேச வேண்டிய ஆள்.

நம் மாவட்டத்தில் அந்தப் பதில் இடத்துக்கு இடம் மாறும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பகுதிகளில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வீடுகளில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பெரும்பாலும் பாட்டியோ அக்காவோதான். கடற்கரை ஊர்களிலும் அப்படியே. மீன் வாங்கி விற்கும் தாய்மார் காலையில் ஏலத்துக்குப் போயிருப்பார்கள். தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தந்தையர் வாரக்கணக்கில் கரைக்குத் திரும்புவதில்லை. இத்தகைய வீடுகளில் ‘காலையில் அம்மா கண்காணிக்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பும் அறிவுரை, நடக்க முடியாத ஒன்றைக் கேட்பதாகிவிடும். இரவு அப்படியல்ல, விடியலில் பிரிந்து போகிறவர்களும் இரவில் பிள்ளையோடு இருப்பார்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தந்தையர் இன்னொரு பெரிய கூட்டம். அவர்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. துபாயில் இரவு ஏழரை மணி என்றால் இங்கே ஒன்பது. பிள்ளை படுக்கப் போகும் அதே நேரத்தில்தான் வீடியோ அழைப்பு வருகிறது. “அப்பாவுக்குப் பல் தேய்ப்பதைக் காட்டு” என்று அந்த அழைப்பிலேயே சேர்த்துக்கொள்ளும்படி ஒரு குரல்செய்தி அனுப்பினால், தூரத்தில் இருக்கும் தந்தைக்கும் வளர்ப்பில் ஒரு பங்கு கிடைக்கிறது, பிள்ளைக்கும் அது ஆசையான வேலையாகிவிடுகிறது. விடுமுறையில் வரும்போது பெட்டியில் கொண்டுவரும் மிட்டாயைப் பற்றியும் அவர்களிடம் அன்போடு பேசலாம்.

பாட்டிமார்களைப் பள்ளிக்கு அழைப்பதானால் பகல் பதினொரு மணிக்கு அழையுங்கள், சமையல் முடிந்திருக்கும். அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்கப் போவதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ‘நீங்கள் வளர்த்த பிள்ளைகளுக்குப் பல் எப்படி இருந்தது’ என்று கேட்டுத் தொடங்கினால், பேச்சை அவர்களே நடத்துவார்கள்.

‘பல்லில் பூச்சி’ என்ற சொல்லை வகுப்பில் பயன்படுத்தலாமா?

மக்கள் வழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு ‘பற்சிதைவு’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. ஆகவே ‘பூச்சிப் பல்’, ‘சொத்தைப் பல்’ என்ற சொற்களிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. பல்லுக்குள் உண்மையிலேயே ஒரு புழு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பூச்சியை வெளியே எடுப்பதாகச் சொல்லும் பழக்கமும் நம் ஊர்களுக்குப் புதியதன்று. பூச்சி வெளியே இருந்து வந்தது என்று நம்பினால், அதை எடுத்துவிட்டால் போதும் என்றே தோன்றும். தின்ற இனிப்புக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பு மறைந்துபோகும்.

நான் வகுப்பில் சொல்வது இது: “பூச்சி என்று சொல்கிறோமே, அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நாம் மிட்டாய் தின்றால் அதுவும் தின்னும். தின்றபின் அது விடும் புளிப்புதான் பல்லைக் கரைக்கிறது.” இட்லி மாவு ஒரே இரவில் புளித்துப் பொங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்று புளிப்பை உண்டாக்கும் என்பதை நம்புவதில் தடையில்லை. முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது விளங்கிவிடுகிறது.

அழுகிய பற்களின் படங்களைக் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளைகள் கேட்பார்களே?

அந்த நேரத்தில் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1953இல் வெளியிட்ட ஆய்வு, பல் நலப் பேச்சைப் பற்றியதுதான். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கடுமையாகப் பயமுறுத்தும் படங்களோடும், ஒரு குழுவுக்கு நடுத்தரமாகவும், ஒரு குழுவுக்கு மிக மென்மையாகவும் பேசினார்கள். அதிகம் கவலைப்பட்டவர்கள் முதல் குழுவினர். ஆனால் சொன்னபடி பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் மென்மையாகப் பேசக் கேட்ட குழுவினரிடையேதான் அதிகம். பயத்தோடு கூடவே, தன்னால் செய்யக்கூடிய எளிய வழி ஒன்றும் காட்டப்பட்டால் மட்டுமே அது உதவுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

சிறு பிள்ளைகளிடம் இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஊசியையும் பல் பிடுங்குவதையும் காட்டிப் பயமுறுத்தப்பட்ட பிள்ளை, பல் மருத்துவரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். “அடம்பிடித்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிடுவேன்” என்ற வார்த்தையை வீட்டிலும் பள்ளியிலும் முற்றாக விட்டுவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைப் பல் மருத்துவர்கள் பின்பற்றும் முறையே பள்ளிக்கும் பொருந்தும்: முதலில் சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள், பிறகு செய்ய வையுங்கள்.

சொத்தை உள்ள பிள்ளைகளின் பெயரை வகுப்பில் எழுதிப் போட்டால் பெற்றோருக்கு அக்கறை வராதா?

வேண்டாம். ஒருமுறை ஒரு பள்ளியில் பரிசோதனை முடிந்ததும் கரும்பலகையில் பெயர்களை எழுதிவிட்டார்கள். நானும் அன்று அங்கே இருந்தும் தடுக்கவில்லை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதன்பின் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள். பல நாள் வரை அவள் சிரித்ததை நான் பார்க்கவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஆர்.பி.எஸ்.கே. என்று நாம் சொல்லும் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அதன் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அங்கன்வாடிகளுக்கு இரு முறையும் வர வேண்டும். அது பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. அந்தக் குழு தரும் பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. சீட்டோடு ஆசிரியர் கையால் எழுதிய ஒரு குறிப்பை உறைக்குள் வைத்து அனுப்பினால் நிலைமை மாறுகிறது. எடுத்துக்காட்டாக:

“பெற்றோருக்கு வணக்கம். உங்கள் மகளின் கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல் ஒன்றில் சிறு குழி தெரிகிறது. இப்போது வலி இல்லை. இப்போதே காட்டினால் அடைத்துவிடலாம். பிடுங்க வேண்டிய நிலை வராமல் தடுக்கலாம். இந்தச் சீட்டோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். போவதில் சிரமம் இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள்.”

இந்தக் குறிப்பில் குற்றச்சாட்டு ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பல், எங்கே போவது, போனால் என்ன நன்மை என்பவை மட்டும் இருக்கின்றன. கடைசி வரிதான் முக்கியமானது. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களிடம் ‘ஏன் போகவில்லை’ என்று கேட்பதற்கு முன், ‘எந்த நாள் வசதி’ என்று கேட்க அது வழி திறக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குலசேகரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. மூன்று, நான்கு பிள்ளைகளை அவர்களின் தாய்மாரோடு சேர்த்து ஒரே நாளில் அனுப்பிவைக்கலாம். கூட்டமாகப் போனால் பிள்ளைகளுக்கும் பயம் குறையும்.

தின்பண்டங்களைப் பற்றி எப்படிப் பேசுவது? தடை போட்டுவிடலாமா?

தடை போட்டால் பள்ளி வாசலுக்கு வெளியே தின்பார்கள். எவ்வளவு தின்கிறார்கள் என்பதோடு, எத்தனை முறை தின்கிறார்கள் என்பதும் பல்லுக்கு முக்கியம் என்பதைச் சொல்வதே பயன் தருகிறது. ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போனபின்னும் உமிழ்நீர் நிலைமையைச் சீராக்க அரை மணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகிறது. ஒரு மிட்டாயை ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சப்பும் பிள்ளைக்கு, அந்த நேரம் முழுவதும் பல் அமிலத்திலேயே இருக்கிறது. முந்திரிக்கொத்து போன்ற இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்பதும், அரை அரையாகப் பகல் முழுவதும் கொறிப்பதும் பல்லுக்கு ஒன்றல்ல.

கருப்பட்டியைப் பற்றி ஒரு சொல். ‘வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டிக் காப்பி பல்லுக்கு நல்லது’ என்று நம் ஊரில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். கருப்பட்டியில் வேறு நன்மைகள் இருக்கட்டும். பல்லில் உள்ள நுண்ணுயிரிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான். பால் புட்டியில் இனிப்புக் கலந்து வாயில் வைத்துத் தூங்க வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் நான்கும் சேர்ந்தே அரிக்கப்படுவதை அங்கன்வாடிகளில் காணலாம். பனைத்தொழிலை மதித்து வாழ்ந்த ஊர் இது. கருப்பட்டியைப் பழித்துப் பேசினால் கேட்பவர் மனம் மூடிக்கொள்ளும். ‘காப்பியைப் பிள்ளை குடிக்கட்டும், குடித்தபின் ஒரு வாய்த் தண்ணீர், இரவில் மட்டும் வேண்டாம்’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, வேர்க்கடலை, அவித்த சுண்டல், ஒரு சீப்பு மட்டிப்பழம், அல்லது வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவெடுத்து, ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிவிக்கலாம். யாராவது ஒருவர் மிட்டாய் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். மதிய உணவு முடிந்ததும் கொடுக்கச் செய்து, வாய் கொப்பளிக்க வையுங்கள்.

உமிக்கரி, மாவிலை, வேப்பங்குச்சி: எல்லாம் தவறா? ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றுதானே படித்தோம்?

தவறு என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். பல்லைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் பழமொழியிலேயே இருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்லலாம். உமிக்கரியும் செங்கல் பொடியும் சொரசொரப்பானவை. நாள்பட்டால் எனாமலைத் தேய்த்துவிடும். பால் பல்லில் எனாமலே மெல்லியது. குச்சியும் மாவிலையும் மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாய்க்குள் போகா. எதைக்கொண்டு தேய்த்தாலும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு பற்பசையில்தான் இருக்கிறது. பெரியவர்கள் தங்கள் வழக்கத்தை வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைக்கு மென்மையான சிறு பிரஷ் என்று பிரித்துச் சொன்னால் மனத்தாங்கல் வராது.

ஃபுளோரைடு கெடுதல் என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே?

குடிநீரில் அளவுக்கு மீறினால் கெடுதல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரால் பற்களில் கறை படிந்த செய்திகளைப் பலரும் அறிவர். பற்பசையில் அரிசி மணி அளவு வைத்து, தேய்த்தபின் துப்பிவிடுவது அதுவல்ல. குழந்தைகளுக்கென்று விற்கும் சில பற்பசைகளில் ஃபுளோரைடு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். உறையில் 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி சொல்லுங்கள்.

பள்ளியிலேயே பல் தேய்க்க வைப்பது நடைமுறையில் முடியுமா?

முடியும், முன்பைவிட இப்போது எளிது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டு, பின்னர் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதன்பின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து உண்டு, ஒன்றாகக் கை கழுவும் அந்த வேளையோடு இரண்டு நிமிடப் பல் தேய்ப்பைச் சேர்த்துவிடலாம். தண்ணீர் குறைவாக உள்ள பள்ளியிலும் இது நடக்கும். நுரையைத் துப்பிவிட்டு பிரஷை மட்டும் அலசினால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில. பற்பசைக் குழாயை ஒவ்வொரு பிரஷிலும் தொடாமல், ஒரு தட்டின் விளிம்பில் துளித்துளியாக இட்டு, பிள்ளைகள் தனித்தனித் துளியை எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பிரஷ்களில் பெயரோ படமோ இருக்க வேண்டும். ஒன்றையொன்று தொடாமல் தலை மேலாக நின்று காய வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மூடிய டப்பாவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஆசிரியரின் சுமையைக் கூட்டுகிறோம் என்ற குறை நியாயமானது. சுய உதவிக்குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறும் இடங்களில் அவர்களையும் ஒரு தாயையும் சேர்த்துக்கொண்டு ஆசிரியர் மேற்பார்வை மட்டும் பார்த்தால் நாள்பட நிலைக்கும்.

பற்பசை நிறுவனம் இலவசப் பொருளோடு நிகழ்ச்சி நடத்த முன்வந்தால்?

பிரஷைப் பெற்றுக்கொள்ளலாம். விளம்பரப் பாட்டும் சின்னம் பொறித்த தொப்பியும் வகுப்பறைக்குள் வேண்டாம். பேசுவது ஆசிரியராகவோ மருத்துவராகவோ இருக்கட்டும்.

எந்தத் தருணத்தில் சொன்னால் செய்தி மனத்தில் தங்கும்?

முதல் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முன்பல் விழுந்த நாளில். அதைவிடச் சிறந்த தருணத்தை நான் கண்டதில்லை. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்த கதையைச் சொல்லிக்கொண்டு அந்தப் பிள்ளை உங்களிடம்தான் முதலில் ஓடிவரும். அதே காலகட்டத்தில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதுவும் பால் பல்தான், விழுந்துவிடும் என்றே பல பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். அதனால் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்தப் பல் எட்டு, ஒன்பது வயதிலேயே சொத்தையாகிவிடுகிறது. “இன்று உங்கள் பிள்ளைக்கு முன்பல் விழுந்தது. வாயின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் வருகிறதா என்று இன்றிரவு விளக்கடித்துப் பாருங்கள், அது விழாத பல்” என்று இரண்டு வரி எழுதி அன்றே அனுப்புங்கள். அந்தப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை வரும் முன்பே பூச்சு வைத்து அடைக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மலையாளம் பேசும் வீடுகளுக்கும், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும்?

விளவங்கோடு வட்டத்தில் தமிழ் வாசிக்கத் தெரியாத பாட்டியும் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார். ஆகவே எழுத்தைவிடக் குரல் நல்லது. அரை நிமிடத்துக்கு மேற்படாத குரல்செய்தியை, அந்தப் பிள்ளையின் ஆசிரியர் குரலிலேயே, இரவு எட்டு மணியளவில் அனுப்புங்கள். தேவையானால் மலையாளத்திலும் ஒன்று. வேறெங்கிருந்தோ வந்த காணொளியை முன்னனுப்பினால் யாரும் திறப்பதில்லை. டீச்சரின் குரல் என்றால் பிள்ளையே போனை வாங்கிக் கேட்கும்.

ஊர் விழாக்களையும் வழிபாட்டு இடங்களையும் இதில் சேர்க்கலாமா?

தாராளமாக. வில்லுப்பாட்டு நம் மண்ணின் கலை. தலைமைப் பாடகர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் கேட்பவர் சார்பில் ‘ஆமா’ போட்டும் சந்தேகம் கேட்டும் கதையை நகர்த்துவார். ‘பால் பல்லுதானே அண்ணே, விழுந்துடாதா?’ என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மேடையில் கேட்டால், கீழே அமர்ந்திருக்கும் பாட்டியின் மனத்திலும் அதே கேள்விதான் இருக்கும். ஆண்டு விழாவில் இருபது நிமிடம் போதும். கடற்கரை ஊர்களில் அன்பியக் கூட்டங்கள் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வேண்டும் கூட்டங்கள்) இரவில் வீடுகளில் கூடுகின்றன. அங்கே ஐந்து நிமிடம் கேட்டுப் பெறலாம். நவம்பர் 1, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். அன்று நடக்கும் கிராம சபையில் பள்ளிக்கான குழாயும் கை கழுவும் தொட்டியும் கேட்டு மனு கொடுக்கலாம்.

எந்த மாதம் தொடங்குவது? பயன் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது?

ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதிகளில் மற்ற மாதங்களில் கடலில் இருக்கும் தந்தையர் பலர் வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை. கனமழை நாட்களில் ரப்பர் வெட்டும் நின்றுவிடுவதால் தோட்டப் பகுதிகளிலும் பெரியவர்களைக் காண முடியும்.

பயனை அறியப் பெரிய கணக்கெடுப்பு தேவையில்லை. வாரம் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், “நேற்று இரவு உனக்குப் பல் தேய்த்துவிட்டது யார்?” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தேய்த்தாயா’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். ‘யார்’ என்று கேட்டால் உண்மை வரும். பதில் சொல்லாத பிள்ளையைத் திட்ட வேண்டாம், பரிசும் வேண்டாம். ஜூனில் எத்தனை பெயர்கள் வந்தன, செப்டம்பர் காலாண்டுத் தேர்வின்போது எத்தனை வந்தன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடர்ந்து பதில் வராத வீடுகளின் பெயரைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு, அந்த மூன்று, நான்கு வீடுகளுக்கு மட்டும் ஒரு மாலையில் நேரில் போய் வாருங்கள். போகும்போது பிள்ளைக்கென ஒரு சிறிய பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பல வீடுகளில் குறை அக்கறையில் இல்லை, பிள்ளைக்கென்று தனியாக ஒரு பிரஷே இருப்பதில்லை.